பழைய காரின் டேஷ்போர்டும் பாலிஷ் புட்டியும்

கேள்வி: ஐயா, என் பெரியப்பா கடைசிவரை வைத்து ஓட்டிய 1974ஆம் ஆண்டு கார் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. எஞ்சினையும் வெளிப்புறத்தையும் சரிசெய்துவிட்டேன். உள்ளே உட்கார்ந்தால்தான் மனம் வாடுகிறது. மீட்டர்களைச் சுற்றி வரும் கறுப்புப் பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் தோல் போன்ற வரிகள் உண்டு. அதன்மீது யாரோ எப்போதோ பளபளப்பாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அது இப்போது செதில் செதிலாக உரிகிறது. சட்டத்தின் ஓரத்து வெள்ளிக் கோடு பாதி அழிந்துவிட்டது. நடுவில் ஓடும் மரம் போன்ற பட்டை வெளுத்து, ஒரு முனையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு திருகுத் துளையிலிருந்து இரண்டு அங்குல நீளத்துக்கு விரிசல். பெரியப்பா வாரந்தோறும் பாலிஷ் போட்டுத் துடைத்துத்தான் வைத்திருந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு ஸ்ப்ரே கேனில் கறுப்பு அடித்துவிடலாமா? மங்கிப்போன மீட்டர் கண்ணாடியை அசிட்டோனால் துடைக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இன்றே துடைத்துவிடப் போகிறீர்களே என்ற பயத்தில். வேண்டாம். அந்தக் காலத்துக் கார்களில் மீட்டருக்கு மேலே இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்ட நொடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆல்கஹாலும் அதற்கு ஆகாது, உள்ளே நுண்ணிய வெடிப்புகளை வரவழைக்கும். சோப்பு நீரும், பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் மெருகுக் களிம்பும், பருத்தித் துணியும் போதும். உள்ளே எண்கள் அச்சிட்ட தகட்டைத் துணியால்கூடத் தொடாதீர்கள். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு மூடிவிடுங்கள்.

இனி மற்றவை. உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்தது விரிசல் அல்ல, ‘வாரந்தோறும் பாலிஷ்’ என்ற இரண்டு சொற்கள். டேஷ்போர்டை மினுக்கவைக்கும் பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. அது காய்வதில்லை, ஆவியாகிப் போவதும் இல்லை. வரிகளின் பள்ளத்தில், திருகுத் தலையைச் சுற்றி, சட்டமும் பட்டையும் சேரும் இடுக்கில் தங்கிவிடும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் எண்ணெய் உள்ள இடத்தில் பெயின்ட் ஒதுங்கி வட்ட வட்டமாகக் குழி விழும். பட்டறையில் இதை மீன்கண் என்போம். தப்பித்தவறி மூடிக்கொண்டாலும் பிடிப்பு இருக்காது. உங்கள் சட்டத்தில் பெயின்ட் உரிவதற்கும் இதுதான் காரணம் என்று பந்தயமே கட்டுவேன். அடித்தவர் பெயின்டில் கஞ்சத்தனம் செய்யவில்லை, கழுவுவதில் செய்திருக்கிறார்.

அதனால் உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் கழுவ வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே தேய்த்தால், ஒவ்வொரு கீறலுக்குள்ளும் எண்ணெயை நீங்களே திணித்ததாக ஆகும். பிறகு அதை எடுப்பது இன்னும் கடினம்.

கழற்றுவதிலிருந்து வருகிறேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். மீட்டருக்குப் பின்னால் ஐம்பது ஆண்டு வயதான வயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகுகளை ஓர் அட்டையில் சட்டத்தின் வடிவத்தை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்திவையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் திருகின் இடத்தில் முடுக்கி, முன்பக்கம் கூர் எட்டிப்பார்த்த சட்டங்களை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன்.

கிளிப்புகளை நெம்ப இரும்புத் திருப்புளி கூடாது. பிளாஸ்டிக் நெம்பியோ, முனையில் துணி சுற்றிய மூங்கில் சீவலோ போதும். அதற்கு முன் முடி உலர்த்தும் கருவியால் அந்த இடத்தை இரண்டு நிமிடம் வெதுவெதுப்பாக்குங்கள். காரணம் இருக்கிறது. அந்தச் சட்டம் அநேகமாக ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்டிக்காக இருக்கும். கெட்டியான பிளாஸ்டிக்குக்குள் நுண்ணிய ரப்பர் துகள்களைக் கலந்து செய்தது அது. அடி தாங்கும் குணம் ரப்பரால் வருகிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் முதலில் கெடுப்பது அந்த ரப்பரைத்தான். எனவே முன்கண்ணாடியைப் பார்த்திருக்கும் மேல் ஓரத்துக் கிளிப்புகள் அப்பளம்போல் நொறுங்கும். நிழலில் இருந்த கீழ் ஓரத்துக் கிளிப்புகள் இன்றும் வளையும். கீழிருந்து தொடங்கி மேலே போங்கள்.

கையில் வந்ததும், அது ஏபிஎஸ்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிற்காலக் கார்களில் பின்பக்கத்தில் பிளாஸ்டிக்கின் பெயரையே எழுத்தாகப் பதித்திருப்பார்கள். உங்கள் காரின் காலத்தில் அந்த வழக்கம் இல்லை. உடைந்து விழுந்த ஒரு துணுக்கு இருந்தால் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன், மூழ்கினால் ஏபிஎஸ் ஆக இருக்கலாம். அடுத்து, பின்பக்கத்தில் யார் கண்ணுக்கும் படாத மூலையில் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு பொட்டு அசிட்டோன் வைத்து விரலால் தொடுங்கள். ஒட்டினால் ஏபிஎஸ். பாலிபுரொப்பிலீன் அசிட்டோனைச் சட்டையே செய்யாது. நகத்தால் கீறினால் மெழுகைக் கீறியதுபோல் இருக்கும். அப்படி இருந்தால் அதன்மேல் எந்தப் பெயின்டும் தானாக நிற்காது. பிடிப்பு தரும் தனிப் பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். தீயில் காட்டிப் புகையின் நிறம் பார்க்கும் பழைய முறையும் ஒன்று உண்டு. துணுக்கு பிவிசியாக இருந்துவிட்டால் வரும் புகை அமிலப் புகை. அந்தச் சோதனை வேண்டாம்.

இப்போது கழுவுவோம். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு, மென்மையான பழைய பல்துலக்கி. வரிகளின் போக்கிலும் குறுக்கிலும் மாற்றி மாற்றித் துலக்குங்கள். நுரை சாம்பல் நிறமாக வருவது நிற்கும்வரை விடாதீர்கள். காய்ந்த பின், பெயின்ட் கடைகளில் மெழுகையும் கிரீஸையும் நீக்குவதற்கென்று விற்கும் திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று புட்டியில் போட்டிருக்க வேண்டும். இரண்டு துணிகள் வேண்டும். ஒன்றால் ஈரமாகத் தடவி, அது ஆவியாகும் முன்பே இரண்டாவது உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத் துணியை மட்டும் வைத்துக்கொண்டு தேய்த்தால் எண்ணெயை இங்கிருந்து அங்கே நகர்த்துகிறீர்கள், அவ்வளவுதான். துணியின் முகத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். மூன்று சுற்று செய்யுங்கள். பெரியப்பாவின் அக்கறையை நினைத்தால் உங்களுக்கு ஐந்து சுற்றுகூட ஆகலாம்.

போதுமா என்று எப்படித் தெரியும்? சட்டத்தின் பின்பக்கம் பாலிஷ் படாத இடம். அதையும் ஒருமுறை சோப்பால் கழுவிக் காயவைத்து ஒரு துளி நீர் விடுங்கள். முன்பக்கத்தில் ஒரு துளி விடுங்கள். பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இரண்டு துளிகளும் ஒரே அளவு பரந்திருந்தால் எண்ணெய் போய்விட்டது. முன்பக்கத் துளி மட்டும் முத்துப்போல உருண்டு நின்றால் மீண்டும் துணியை எடுங்கள். இந்தக் கட்டத்துக்குப் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது.

அடுத்து அந்தப் பளபளப்புப் பெயின்ட். அது உரிவது உங்கள் அதிர்ஷ்டம். நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால்தான் வேலை. பசை மிகுந்த டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென இழுங்கள். பாதி அதோடு வந்துவிடும். மிச்சத்துக்குப் பின்பக்கத்தில் சோதித்துப் பார்த்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பஞ்சை நனைத்து வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை மூடி, ஐந்து நிமிடம் காத்திருந்து பல்துலக்கியால் தேயுங்கள். பழைய சாதாரண ஸ்ப்ரே பெயின்டாக இருந்தால் குழைந்து வரும். குழையாமல் அடம்பிடித்தால் அது கடினமூட்டி கலந்த இரட்டைக் கலவைப் பெயின்ட். அதைக் கரைக்க முயலாமல், உறுதியாக நிற்கும் பகுதியை அப்படியே அடித்தளமாக வைத்துக்கொள்வதே நல்லது. உரிந்த இடத்தின் விளிம்பை மட்டும் 600 எண் தாளால் படிதெரியாமல் தேய்த்தால் போதும்.

தின்னர் பக்கம் மட்டும் போகாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் இதே போன்ற ஒரு சட்டத்தில் தின்னர் நனைத்த துணியைப் போர்த்திவிட்டுச் சாப்பிடப் போனேன். அரை மணி நேரத்தில் திரும்பினேன். பெயின்ட் போயிருந்தது. கூடவே வரிகளும் போயிருந்தன. துணியின் நெசவு அந்தப் பிளாஸ்டிக்கில் அச்சாகப் பதிந்திருந்தது, முகத்தில் தலையணைத் தழும்பு விழுந்ததுபோல. அந்தக் காருக்கு வேறொரு சட்டம் தேடிப் பிடிக்க நான்கு மாதம் ஆயிற்று. நான்கு மாதமும் வண்டியின் சொந்தக்காரர் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

உப்புத்தாளைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில். முன்பு சொன்ன பெயின்ட் விளிம்பைத் தவிர, வரிகள் உள்ள பரப்பில் உப்புத்தாள் கூடாது. அந்த வரிகளின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். தாள் மேடுகளை மட்டும் வழித்துவிட்டுப் பள்ளங்களைத் தொடாமல் போகும். மேடு மொட்டையாகி மினுக்கும்; பள்ளத்தில் பெயின்ட் பிடிக்காது. இரண்டு பக்கமும் நட்டம். அதற்குப் பதிலாகச் சாம்பல் நிற நார்ப்பட்டையையும், பெயின்டர்கள் சொரசொரப்பாக்கப் பயன்படுத்தும் களிம்பையும் எடுத்து, பல்துலக்கியால் பள்ளம்வரை தேயுங்கள். கழுவிக் காயவைத்தால் பரப்பு முழுதும் ஒரே சீராக மங்கியிருக்க வேண்டும். எங்காவது மினுக்கினால் அங்கே கை படவில்லை என்று பொருள்.

விரிசலுக்கு வருவோம். திருகை யாரோ பலம்கொண்ட மட்டும் முடுக்கியிருக்கிறார்கள். துளையில் தொடங்கும் விரிசலுக்குப் பெரும்பாலும் கதை அதுதான். முதலில் விரிசல் எங்கே முடிகிறது என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி, 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போடுங்கள். கூர்மையான முனையில் குவியும் இழுவிசை வட்டத் துளையில் பரவிவிடுவதால் விரிசல் அங்கேயே நின்றுவிடும். பிறகு பின்பக்கத்திலிருந்து விரிசல் நெடுக ‘வி’ வடிவில் பள்ளம் சீவுங்கள். முன்பக்கத்தைத் தொட வேண்டாம்.

அடைக்க, சட்டத்தின் சொந்தப் பிளாஸ்டிக்கையே பயன்படுத்துங்கள். உடைந்த கிளிப், பின்பக்கத்தில் யாரும் பார்க்காத துருத்தல் என்று கிடைக்கும் ஏபிஎஸ் துணுக்குகளைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி இறுக மூடிவையுங்கள். மறுநாள் தேன் பதத்தில் ஒரு குழம்பு இருக்கும். அதைக் குச்சியால் பள்ளத்தில் தடவினால் அசிட்டோன் ஓரங்களை இளக்கி, காயும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். இது ஒட்டுவதல்ல, பற்றவைப்பதற்குப் பக்கத்தில் வரும் வேலை. ஆனால் மெல்லிய படலங்களாகத்தான் வைக்க வேண்டும். ஒரே தடவையில் நிரப்பினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். தேங்கி நிற்கும் அசிட்டோன் சட்டத்தையே இளக்கி வளைத்துவிடும். படலத்துக்குப் படலம் ஒரு நாள் விடுங்கள். கடைசிப் படலத்தின் கீழ் நுண்ணிய கம்பி வலைத்துண்டு ஒன்றை வைத்துவிட்டால் அந்த இடம் மற்ற இடங்களைவிட உறுதியாகிவிடும். வேலை நடக்கும் அறையில் சன்னல் திறந்திருக்கட்டும். அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

உடனடிப் பசையும் சமையல் சோடாவும் கலந்து அடைக்கும் வித்தையை யாராவது சொல்வார்கள். கல்போல இறுகும், உண்மைதான். அந்தக் கல்தன்மைதான் குறை. சுற்றியுள்ள பிளாஸ்டிக் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது அது மட்டும் அசையாமல் நிற்கும். பக்கத்திலேயே புது விரிசல் பிறக்கும்.

முன்பக்கத்தில் விரிசலின் கோடு மெலிதாகத் தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் களிம்பு, வைத்து வரியை மீண்டும் பதிக்கலாம். நல்ல நிலையில் உள்ள வரிப்பரப்பின்மீது சிலிக்கோன் ரப்பர் அச்சு ஒன்று எடுத்து, பட்டி பாதி இறுகியிருக்கும்போது அந்த அச்சை அதன்மேல் அழுத்தி எடுத்தால் தோல் வரி அப்படியே வந்து அமரும். இத்தனை பாடுபட்டுச் சிலிக்கோனைத் துரத்திவிட்டு அதையே கையில் எடுக்கச் சொல்கிறேனே என்று சிரிக்காதீர்கள். அச்சு பட்ட இடங்களை மறுபடி கழுவிவிடுங்கள்.

ஸ்ப்ரே கேன் தாராளமாகப் போதும். கடினமூட்டி கலந்த இரட்டைக் கலவைப் பெயின்ட் இன்னும் உறுதியானதுதான். ஆனால் அதில் ஐசோசயனேட் உண்டு. மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவந்துவிடும். வெளியிலிருந்து காற்று செலுத்தும் முகமூடி இல்லாமல் அடிக்கக் கூடாது. கேனில் அடைத்து விற்பதற்கும் இதே எச்சரிக்கைதான். கை ஓயாமல் படுகிற கியர்ப் பிடிக்கு அது தேவைப்படலாம். மீட்டர் சட்டத்தை யார் தடவிக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

பிளாஸ்டிக்குக்கான பிரைமர் ஒரு மெல்லிய கோட். அதன்மேல் கறுப்பு. கேனை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்துவிட்டு நன்றாகக் குலுக்குங்கள். துளிகள் நுண்மையாக வரும். சூடான நீரில் வைத்தால் கேன் வெடிக்கும். 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரம் இருக்கட்டும். பீய்ச்சலைச் சட்டத்துக்கு வெளியே தொடங்கி, குறுக்கே கடந்து, வெளியே போய் நிறுத்துங்கள். முதல் கோட் புகைபோலத்தான் படிய வேண்டும். அடியில் உள்ளது தெரியும், தெரியட்டும். அந்த முதல் கோட்டிலேயே மூடிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அப்போதுதான் பெயின்ட் தேங்கி வரிகளை நிரப்பும், அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். பத்து பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட்டுகள் போதும். மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் காயும் பெயின்டின் மேல் பனிபோல வெண்மை படியும்.

பளபளப்பைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அந்தச் சட்டம் பளபளக்கவில்லை. சோம்பலால் அப்படி விடவில்லை, தெரிந்தே செய்தார்கள்: டேஷ்போர்டு பளபளத்தால் வெயிலில் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து, சாலை மங்கித் தெரியும். அதனால் பளபளப்பும் வேண்டாம், கரும்பலகைபோல் செத்த மங்கலும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவே உள்ளதை வாங்குங்கள். மூல அளவைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மீட்டர் சட்டத்தின் மடிப்புக்குள், வெயிலும் பாலிஷும் பெயின்டும் படாத ஓரத்தில், ஒரு சிறு கைவிளக்கின் ஒளியைச் சாய்த்துப் பிடியுங்கள். விளக்கின் வட்டம் கூராகத் தெரியாது. ஓரம் கலைந்த ஒரு வெளிச்சத் திட்டாகத் தெரியும். உங்கள் கேனை ஓர் உதிரித் துண்டில் அடித்துக் காயவைத்து அதே விளக்கைப் பிடியுங்கள். இரண்டு திட்டுகளும் ஒரே மாதிரி கலைந்தால் அந்தக் கேன் சரி. நிறமும் அப்படித்தான். கறுப்பு என்று நாம் சொல்வது பல நேரங்களில் மிக இருண்ட சாம்பல். பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள்.

அடித்து ஒரு வாரம் கழித்து அந்த உதிரித் துண்டில் மட்டும் கூரிய கத்தியால் நெருக்கமாக ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். கட்டங்கள் பெயர்ந்து வந்தால் கழுவியதில் கோளாறு. சட்டத்தில் தெரிவதைவிடத் துண்டில் தெரிவது நல்லது.

வெள்ளிக் கோட்டுக்கு மூன்று பிறப்புகள் உண்டு. செம்பும் நிக்கலும் குரோமியமும் மின்முலாமாக ஏறியது ஒன்று. தொட்டால் சில்லென்று இருக்கும், உரிந்தால் தகடுபோல் கையைக் கிழிக்கும். வெற்றிட அறையில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்தது இரண்டாவது. மேலே லாக்கர் என்ற தெளிந்த பூச்சுப் படலம்தான் அதற்குக் காவல். மூன்றாவது, சூடான அச்சால் மேடான விளிம்பில் ஒற்றிய வெள்ளிப் படலம். பாதி அழிந்தது என்கிறீர்கள். அப்படியானால் உங்களுடையது பின்னிரண்டில் ஒன்று. ஆல்கஹாலோ பல்துலக்கியோ பட்டால் மீதியும் போகும். காப்பாற்ற நினைத்தால் முதல் நாளே டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்வேன்.

குரோம் ஸ்ப்ரே என்று விற்பதை நம்பாதீர்கள். மூடியில் உள்ள நிறம் சட்டத்தில் வராது. வந்தாலும், பாதுகாப்புக்கு மேலே ஒரு கிளியர் கோட் அடித்ததும் ஈயப் பாத்திரத்தின் நிறத்துக்கு இறங்கிவிடும். கோடு ஓரிரு மில்லிமீட்டர் அகலம்தான் என்றால், சிறு அளவு மாதிரிக் கார்கள் செய்பவர்கள் பயன்படுத்தும் ஒட்டும் அலுமினியப் படலம் நன்றாக வேலை செய்யும். கோட்டைவிடச் சற்று அகலமாக வெட்டி, மேட்டின்மீது படியவைத்து, பஞ்சுக் குச்சியால் உருட்டி உருட்டி அழுத்துங்கள். சுருக்கம் மறைந்து மேட்டின் விளிம்பு கூராகத் தெரியும்போது, புதிய பிளேடால் அந்த விளிம்பை ஒட்டி, பிளேடின் எடையே போதும் என்ற அளவில் இழுத்து, மிச்சத்தை உரித்துவிடுங்கள். பெயின்ட் முழுதாகக் காய்ந்து ஒரு வாரம் ஆன பிறகே இதைச் செய்ய வேண்டும். முன்னதாகச் செய்தால் படலத்தை உரிக்கும்போது கறுப்பும் கூடவே வரும்.

மரப் பட்டையில் அவசரப்படாதீர்கள். வெளுத்தது எல்லாம் கெட்டது அல்ல. அந்த ஓரத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். உண்மையான மரச்சீவலாக இருந்தால் வெட்டுமுகத்தில் நார்கள் தெரியும். அது வேறு வேலை, பெயின்ட் பக்கமே போகக் கூடாது. அச்சிட்ட படலமாக இருந்தால் அந்த ரேகைகள் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வரும். உங்களுடையது தூக்கிக்கொண்டு நிற்பதால் படலம்தான் என்று நினைக்கிறேன். தூக்கிய முனையின் அடியில் பழைய பசையைச் சுரண்டி, வெதுவெதுப்பாக்கி, இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு ஒட்டும் வகைப் பசையை மெலிதாகப் பூசி அழுத்திவிடலாம். இழுத்துப் பிடித்து ஒட்டாதீர்கள். அது சுருங்கியிருக்கும், முனையில் ஓர் இழை இடைவெளி இருப்பதே இயல்பு.

நிறம் போன இடத்துக்கு, கையால் ரேகை வரையும் வழி ஒன்று இருக்கிறது. வெளிர் பழுப்பு அடித்தளம் காய்ந்த பின், நீர்த்த அடர்பழுப்பைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே காய்ந்த முரட்டுத் தூரிகையை நீளவாக்கில் இழுத்தால் ரேகைகள் விழும். நேராக இழுத்தால் பொய்யாகத் தெரியும். நடுவில் கை லேசாக நடுங்கினால்தான் மரம். அட்டையில் பத்து முறை பழகிக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டால் நீங்கள் பட்டையைக் கழுவி, முனையை ஒட்டிவிட்டு, மற்றவை எல்லாம் மாட்டிய பிறகு ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பக்கத்துக் கறுப்பு சீரானதும் அந்த வெளுப்பு வயதின் அழகாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது.

தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் அல்ல. அரை மணியில் அப்படித்தான் இருக்கும். அன்று மாட்டினால் கட்டைவிரல் ரேகை நிரந்தரமாகப் பதியும். ஒரு வாரம் நிழலில் தூசி படாமல் வையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று சூட்டுத் துப்பாக்கியையோ விளக்கையோ நெருக்கமாகக் காட்ட வேண்டாம். ஏபிஎஸ் 100 டிகிரியை நெருங்கும்போதே தளர்ந்து வளையும், துப்பாக்கியின் வாயில் அதைவிடப் பல மடங்கு சூடு.

மாட்டும்போது எல்லாத் திருகுகளையும் முதலில் பாதிவரை ஏற்றிவிட்டு, பிறகு குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். விரிசலை அடைத்த துளைக்குத் திருகுத் தலையின் அடியில் அகலமான நைலான் வாஷர் ஒன்று போட்டு, அதைக் கடைசியாக ஏற்றுங்கள். திருப்புளியை உள்ளங்கையால் பற்ற வேண்டாம். இரண்டு விரலால் பிடித்துத் திருகி, அது நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.

அதன்பின் ஈரத் துணி, எப்போதாவது ஒரு துளி சோப்பு. காரை வெயிலில் விட்டால் முன்கண்ணாடிக்கு ஒரு மறைப்பு. பெரியப்பாவின் பாலிஷ் புட்டியில் மிச்சம் இருந்தால் தூக்கி எறிய மனம் வராது, தெரியும். டயரின் பக்கவாட்டில் தடவுங்கள். சாலையைத் தொடும் பகுதியில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.